ஊதியத் தீர்வையும் வருமான வரியும்: மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு நோக்கு

மலாயாவில் வருமான வரி நிலைபெறுவதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே உழைப்பின் மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. 1907-ஆம் ஆண்டுத் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம், தொழிலாளர் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு முதலாளிகள் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிட்டது. தோட்டம் இலாபம் ஈட்டியதா என்பது அங்கே பொருட்படுத்தப்படவில்லை. ஊதியம் சார்ந்த தீர்வைக்கும் வருமான வரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

அந்நிதி தொழிலாளரின் கப்பற் பயணச் செலவுக்கும், நலிந்தோரைத் தாயகம் அனுப்புவதற்கும் பயன்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெறும் குடியேற்றத்தைத் தடைசெய்த பின்னரும் நிதி நீடித்தது. 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. தம் உழைப்பு நாள்களால் வளர்ந்த அந்நிதியில் தொழிலாளர் எவருக்கும் தம் பெயரில் கணக்கு இருந்ததில்லை.

வருமான வரிச் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டு, 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-இல் உருவானது; சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955-இல் தொடங்கியது. இரு நிதிகளிலும் முதலாளியும் தொழிலாளியும் தொடக்கத்தில் ஊதியத்தில் 5 விழுக்காடு செலுத்தினர். சேமநிதியை வரி என்பது பொருந்தாது; அது தொழிலாளியின் சொந்தப் பணம். எனினும் ஊதியத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படுவதால், பிடித்தம் என்ற அளவில் அது தீர்வையை ஒத்தது.

இங்குதான் வரித் திட்டமிடல் தோன்றுகிறது. முதலாளியின் பங்கு தொழிற்செலவாகக் கழிக்கப்பட்டது. வரி செலுத்துவோரின் பங்குக்கு வரிச்சலுகை கிட்டியது. மாதம் 80 வெள்ளி பெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் ஊதியத்தில் 4 வெள்ளி பிடிக்கப்பட்டது. வரி எல்லைக்குக் கீழே இருந்த அவருக்குக் கழித்துக்கொள்ள வரியே இல்லை. ஆகவே சலுகையும் இல்லை. வரி செலுத்துமளவு ஊதியம் பெற்ற அலுவலருக்கோ அதே 5 விழுக்காடு வரிச்சுமையையும் குறைத்தது. விழுக்காடு ஒன்றாயினும் அதன் பயன் ஒன்றன்று.

ஆயினும் 1907-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட மாற்றம் சிறிதன்று. தொழிலாளியின் உழைப்பைக் கணக்கிட்ட ஏட்டில், அவருக்குரிய சேமிப்பும் முதன்முறையாக அவர் பெயரிலேயே பதிவாயிற்று. தோட்ட வரலாற்றைக் கற்பிப்போர் தொழிலாளர் பெற்ற ஊதியத்தை மட்டும் கூறி அமையாது, அதிலிருந்து எது பிடிக்கப்பட்டது, யாருக்குத் திரும்பியது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.