விளக்கெண்ணெய் முதல் மெழுகுவத்தி வரை

விளக்கெண்ணெய் என்ற பெயரே அதன் பழைய வேலையைச் சொல்லிவிடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரிக் காடுகளில் நிலக்கடலைக்கு ஊடுபயிராகவும் வரப்போரங்களிலும் அந்த எண்ணெய்க்கான ஆமணக்கு விளைந்தது. அதன் விதையான கொட்டைமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மேலே மிதந்து வரும் எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுத்து அகலில் ஊற்றுவார்கள். அந்த அகலுக்கு இடம், மண்சுவரில் குடைந்த மாடக்குழி.

பனையோலையும் கரும்புச் சோகையும் வேய்ந்த வீட்டுக்குள் தீயை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடிந்ததற்கு இந்த எண்ணெயும் மாடக்குழியுமே காரணம். ஆமணக்கெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அகல் கவிழ்ந்து எண்ணெய் சிந்தினாலும் எளிதில் பற்றிக்கொள்ளாது. மாடக்குழியோ சுடரை முன்பக்கம் தவிர மற்றப் பக்கங்களில் மண்ணால் மூடி, வீசும் காற்றையும் தவழும் குழந்தையையும் விலக்கி வைத்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய மண்ணெண்ணெய் இந்தக் காவலை உடைத்தது. இன்றைய இந்தியத் தர விதிப்படி அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலே அதைத் தாண்டிவிடும். பெட்ரோல் கலந்துவிட்டால் ஆபத்து பன்மடங்கு. கண்ணாடிக் கூண்டும் கம்பிக் கட்டும் உள்ள அரிக்கேன் விளக்கு ஓரளவு காப்பாற்றியது. அதை வாங்க வசதியில்லாதவர்கள் காலி மருந்துப் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகினார்கள். உயரமான பாட்டில் கை பட்டால் சாயும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும். மேட்டூர் அணை 1934இல் முடிந்து, 1937இல் அங்கே மின்சாரம் உற்பத்தியான பிறகும் ஏழைக் குடிசைகளில் இந்தப் பாட்டில் விளக்குதான் வெகுகாலம் எரிந்தது.

இதே போன்ற பாட்டில் விளக்கால் தீக்காயம் பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் மாற்று விளக்கு ஒன்றை உருவாக்கினார். குட்டையான, கனத்த கண்ணாடிக் குப்பி. கவிழ்ந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. அவ்வளவுதான். விலையும் எளியவர்கள் வாங்கும் அளவில் இருந்தது. 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்ற இந்த விளக்கு லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. யாரும் கவனிக்காத நேரத்திலும் தன் வடிவத்தாலேயே காக்கும் என்பதால், மாடக்குழிக்கு நேர் வாரிசு என்று அதைச் சொல்லலாம்.

மின்வெட்டு நேரத்து மெழுகுவத்தியின் ஆபத்து வேறு வகை. மெழுகு சிந்தினால் உடனே பற்றாது. ஆனால் அடிவரை எரிந்த சுடர் மேசைத் துணியையும் பிளாஸ்டிக்கையும் தொட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்குத் தானியங்கி அணைப்பான் இருந்தது. ஸ்பிரிங் பொருத்திய கவ்வி மெழுகுவத்தியின் உடலைப் பிடித்திருக்கும்; அந்த இடம்வரை மெழுகு உருகியதும் பிடி தளர்ந்து, தகட்டு மூடி சுடரின் மேல் சாய்ந்து அணைத்துவிடும். கவிழ்த்த டம்ளரின் மேல் மெழுகுவத்தி ஒட்டும் வீடுகளில், ஸ்பிரிங் இல்லாமலே ஏறக்குறைய அதே பலன் கிடைக்க ஒரு வழி உண்டு: கனமான கிண்ணத்தின் நடுவே மெழுகுவத்தியை நிறுத்தி, அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி வைப்பது. தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிய சிறிது நேரத்தில் திரி நனைந்து, சுடர் தானே அணையும்.