சா

கொல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பக்கத்து சீட்டு வங்காளிப் பெரியவர் காலங்காத்தால என் முகத்தைப் பார்த்து "ச்சா காபே?" என்றார். சாகப் போறியான்னு கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. டீ வேணுமான்னு கேட்டிருக்கார் மனுஷன்! (அங்கே டீயைக் குடிக்க மாட்டாங்க, 'சாப்பிடு'வாங்க. அது தனிக்கதை.)

நமக்கு சா என்றால் செத்துப்போ. நன்னூல் கணக்குப்படி ஓரெழுத்து ஒருமொழி 42. அதில் இதுவும் ஒன்று. வங்காளிக்கும் போர்த்துகீசியருக்கும் ஜப்பானியருக்கும் அதே சத்தம் டீ. பாரசீகத்தில் லேசா இழுத்து சாஹ் என்றால் கிணறு.

வேடிக்கை என்னன்னா, டீயோட இன்னொரு பெயரான தே-யும் அந்த 42-க்குள் வருது. நமக்கு தே என்றால் தெய்வம். சீனத்தில் எழுத்து ஒன்றுதான். கான்டனீஸ்காரர் சா என்று படிப்பார், ஹொக்கியன்காரர் தே என்பார். 1557 வாக்கில் மக்காவில் குடியேறிய போர்த்துகீசியர் சா-வைப் பிடித்துக்கொண்டார்கள். ஹொக்கியன் பேசும் வியாபாரிகளிடம் வாங்கிய டச்சுக்காரர் கப்பலில் தே-யை ஏற்றினார்கள். ஆங்கிலேயரின் டீயும் நம்ம தேயிலை, தேநீரும் அந்தக் குடும்பம். (தேன் + நீர் என்று பிரித்தவர்களும் உண்டு, நானும்தான்!) தரைவழியா பாரசீகம் போன சா, சாய் ஆகி இந்திக்கு வந்தது.

எங்க பாட்டிக்கு மட்டும் டீயும் சாவும் ஒண்ணுதான். டீ வாசனையே ஆகாது, காபிதான். அவங்க தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடை. காலரா, பட்டினின்னு வழியிலேயே போனவங்க நிறைய. இவரும் திரும்பவில்லை. "டீத்தோட்டம் முழுங்கிடுச்சு" என்பாங்க பாட்டி.

நான் சும்மா இருந்திருக்கலாம். வருஷக் கணக்கு பார்த்தேன். அவர் போனது 1860-களின் நடுவில். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867-இல். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காபி அழிந்த பிறகுதான் மலையெல்லாம் தேயிலை ஆச்சு. தாத்தா டீச்செடியைப் பார்த்தே இருக்க மாட்டார்.

"அவர் போனது காபித் தோட்டத்துக்கு பாட்டி" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"காபியா?" என்று மட்டும் கேட்டாங்க. கையில் பாதி டம்ளர் இருந்தது. அதைக் கீழே வச்சுட்டு எழுந்து உள்ளே போயிட்டாங்க.