மினுங்கும் சுற்று வந்த வழி

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஒரு கல்லை வையுங்கள். அதன் பக்கத்தில் ஒரு ரெட்ஸ்டோன் டோர்ச்சைச் செருகுங்கள்; அங்கே மின்சாரத்தின் இடத்தில் இருப்பது ரெட்ஸ்டோன். டோர்ச் சிவப்பாக எரியும். அதிலிருந்து வரும் சக்தியை ரெட்ஸ்டோன் தூளால் கோடு போட்டுச் சுற்றிக் கொண்டுவந்து, அதே கல்லுக்குள் விட்டுப் பாருங்கள். டோர்ச் அணையும். தான் ஒட்டியிருக்கும் கல்லில் சக்தி இருந்தால் அணைவதும் இல்லாவிட்டால் எரிவதும்தான் இந்த விளையாட்டில் டோர்ச்சின் குணம். அணைந்ததும் கோட்டில் சக்தி போய்விடும், கல் வெறுமையாகும், டோர்ச் மறுபடி எரியும், எரிந்ததாலேயே மறுபடி அணையும். இப்படிப் படபடவென்று மினுங்கிவிட்டு, கொஞ்சம் புகையோடு அது கருகி நின்றுவிடும். மூன்று விநாடிக்குள் எட்டுத் தடவைக்கு மேல் அணைய நேர்ந்தால் டோர்ச் கருகும் என்பது விளையாட்டின் விதி.

கருகிய டோர்ச்சைப் பார்த்து மலைக்காத பிள்ளை அடுத்துச் செய்வது, ஒன்றுக்குப் பதிலாக ஐந்து டோர்ச்சுகளை வளையமாகக் கோப்பது. முதலாவது இரண்டாவதை அணைக்கும், இரண்டாவது அணைந்தால் மூன்றாவது எரியும், இப்படியே போய் ஐந்தாவது திரும்ப முதலாவதிடம் வரும். ஒவ்வொரு டோர்ச்சும் மாறுவதற்குப் பத்தில் ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது. ஐந்தையும் கடந்து வர அரை விநாடி. ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால், புறப்பட்ட செய்தி தலைகீழாகித்தான் திரும்பும்: எரி என்று போனது அணை என்று வரும். ஆகவே அரை விநாடி எரியும், அரை விநாடி அணையும். டோர்ச் கருகாது. வளையத்திலிருந்து ஒரு கிளைக்கோடு இழுத்து விளக்கு ஒன்றில் சேர்த்தால், விநாடிக்கு ஒரு தடவை மினுங்கும் விளக்கு தயார்.

நான்கு டோர்ச்சில் இது நடக்காது. இரட்டைப்படையில் மறுப்பும் மறுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். செய்தி போன மாதிரியே திரும்பி வரும். வளையம் ஏதாவது ஒரு நிலையில் அப்படியே நின்றுவிடும். அதுவும் வீணான காரியமல்ல. இரண்டு டோர்ச் ஒன்றையொன்று மறுத்து நின்றால் அது ஒரு நினைவகம், கடைசியாக எந்தப் பக்கம் தட்டினோம் என்பதை மறக்காமல் வைத்திருக்கும்.

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவில் ஒரு பிள்ளை போனில் இந்த வளையத்தைக் கட்டி முடிக்கும்போது, தன் விரல் தொட்டது நூறு வயது தாண்டிய ஒரு பொருள் என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சரித்திரத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக்காக உழைத்த பௌதிகவியலாளர்களில் ஆன்ரி ஆபிரகாம், யூஜின் புளொக் என்று இருவர் இருந்தார்கள். ரேடியோ அலைகளின் அதிர்வெண்ணைச் சரியாக அளக்க அவர்களுக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. இரண்டு வால்வுகளை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை ஒரு கொள்ளளவி வழியாக மற்றதன் உள்ளீட்டில் கொடுத்தார்கள். மற்றதன் வெளியீட்டையும் அதே மாதிரி முதலாவதற்குக் கொடுத்தார்கள். ஒரு வால்வு வேலை செய்யும்போது மற்றது அடங்கிக் கிடக்கும். கொள்ளளவியில் ஏற்றம் மாறி முடிந்ததும் ஆட்டப் பலகையின் இரு முனைபோல நிலை மாறும். எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை மாறுவது என்பதைக் கொள்ளளவியும் தடையியும் சேர்ந்து தீர்மானிக்கும். மூல அதிர்வோடு அதன் மடங்குகளும் ஏராளமாகக் கலந்து வந்ததால் அதற்கு மல்ட்டிவைப்ரேட்டர் என்று பெயரிட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1919இல் ஆய்வு அச்சில் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் கொள்ளளவி இல்லாமல் இரண்டு வால்வுகளை ஒன்றையொன்று மறுக்க வைத்து, நினைவில் வைத்திருக்கும் சுற்றைக் கண்டுபிடித்தார்கள். மினுங்கும் சுற்றும் நினைவுச் சுற்றும் ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புகள்.

ஆபிரகாமும் புளொக்கும் யூதர்கள். இரண்டாம் உலகப் போரில் இருவரும் பிடிக்கப்பட்டு ஔஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆபிரகாம் 1943இலும் புளொக் 1944இலும் கொல்லப்பட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கண் சிமிட்டும் கோடிக்கணக்கான விளக்குகளுக்குப் பின்னால் இந்த இரண்டு பேரின் மூளை இருக்கிறது. மின்னியல் படிக்கும் பிள்ளைக்கு இவர்கள் பெயரையும் முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு இருந்த இடத்தில் திரான்சிஸ்டர் வந்து உட்கார்ந்தது. சுற்றின் வடிவம் மாறவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆன்ஸ் கமென்சிண்ட் என்ற பொறியியலாளர் 1971இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக நேரம் கணிக்கும் சிப் ஒன்றை வரைந்தார். அடுத்த ஆண்டு 555 என்ற இலக்கத்தோடு அது சந்தைக்கு வந்தது. எட்டுக் கால்; வெளியே ஓரிரு தடையியும் கொள்ளளவியும் வைத்தால் மினுங்கும். ஐம்பது ஆண்டு கழித்தும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்னியல் சாமான் விற்கும் கடைகளில் அந்தச் சிப்பைக் கேட்டு வாங்கலாம்.

விளக்கை மினுங்க வைக்க மின்னியல்தான் வேண்டும் என்பதில்லை. நத்தாருக்கும் வெசாக்குக்கும் வீட்டில் தொங்கும் பழைய சீரியல் பல்பு மாலையில் ஒரேயொரு பல்பு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அதற்குள் இரண்டு உலோகம் ஒட்டிய மெல்லிய தகடு. மின்சாரம் ஓடினால் சூடாகி வளையும். வளைந்தால் தொடர்பு அறும். அறுந்தால் ஆறி நிமிரும். நிமிர்ந்தால் மறுபடி ஓடும். தன் வெளியீட்டால் தன்னையே அணைக்கும் அந்த ஒற்றை டோர்ச்சேதான் இது. அங்கே பத்தில் ஒரு விநாடி செய்யும் வேலையை இங்கே சூடு ஆறும் நேரம் செய்கிறது.

தொட்டலங்கவிலும் பேலியகொடவிலும் எழும் பெரிய வெசாக் தோரணங்களின் வம்சம் வேறு. ஜாதகக் கதைப் படங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான பல்புகள் அலையலையாக ஓடுவதற்கு, மோட்டாரில் சுழலும் உருளை ஒன்றைப் பின்னால் வைத்தார்கள். உருளையில் செப்புத் தகடுகளைக் கோலத்துக்கேற்ப வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதை உரசும் தொடுகையில் தகடு பட்டால் பல்பு எரியும், படாவிட்டால் அணையும். வங்காளத்துச் சந்தன்நகரில் ஜகத்தாத்ரி பூசைக்கு ஒளிச்சித்திரம் செய்யும் கலைஞர்களும் மரத்தால் செய்த உருளையைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கலையை ஊருக்கு வெளியே புகழ் பெறச் செய்த ஸ்ரீதர் தாஸின் பெயரை வங்காளம் அறியும். இப்போது இரண்டு இடத்திலும் உருளையின் வேலையைப் பெரும்பாலும் சிப் செய்கிறது. உருளைக்குத் தாளத்தை மனிதன் எழுதிக் கொடுக்க வேண்டும். வளையச் சுற்று தாளத்தைத் தானே உண்டாக்கும். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் பெரிய வேறுபாடு.

விளையாட்டுக்குள் இந்தச் சுற்று புகுந்தது 2010 ஜூலையில். சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் ஒரு வருடத்துக்கு முன் வெளியிட்டிருந்த மைன்கிராஃப்டில் ரெட்ஸ்டோனைச் சேர்த்தார்: நிலத்தின் ஆழத்தில் தாது, அதை வெட்ட இரும்புப் பிக்காசு, வெட்டினால் சிவப்புத் தூள். மினுங்கும் சுற்று ஒன்றைத் தாருங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மறுக்கும் டோர்ச்சையும் சிறு தாமதத்தையும் கொடுத்தார்; மிச்சத்தை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போது தனி விளக்குக்கூட இல்லை, டோர்ச்சின் மங்கல் வெளிச்சம்தான் மினுங்கியது. 2011 பெப்ரவரியில் ரிப்பீட்டர் வந்தது. தட்டத் தட்டத் தாமதத்தைப் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்கு விநாடிவரை கூட்டலாம். 2012இல் விளக்கு வந்தது, நடுவில் ஒளிக்கல், சுற்றிவர நாலு தூள். 2013இல் சக்தியின் அளவை ஒப்பிடும் கொம்பரேட்டர்.

போனுக்கு ரெட்ஸ்டோன் வந்தது 2015 இறுதியில். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியமான ஆண்டு, ஏனென்றால் கணினி இல்லாத வீட்டிலும் போன் இருக்கிறது. ரிப்பீட்டர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் போனுக்கு வந்ததால், இடையிலே சில மாதங்கள் போனில் விளையாடியவர்கள் டோர்ச்சை மட்டும் வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. அதை நான் குறையாக எண்ணவில்லை. 2016இல் வந்த, தன் முன்னால் நடக்கும் மாற்றத்தைக் கண்டு துடிக்கும் ஒப்சர்வர் கட்டைகள் இரண்டை எதிரெதிரே வைத்தால் வேறு ஒன்றும் வேண்டாம், உடனே துடிக்கத் தொடங்கும். வேலை சுலபம். ஆனால் ஏன் துடிக்கிறது என்பது கட்டைக்குள் ஒளிந்துபோகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஐந்து டோர்ச்சிலிருந்தே தொடங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சிப் செய்யும் தொழிற்சாலைகளில், புதிய சிலிக்கன் தகட்டில் திரான்சிஸ்டர்கள் எவ்வளவு வேகமாக இயங்குகின்றன என்று பார்க்க, டோர்ச்சைப் போல மறுக்கும் தர்க்கப் படலைகளை (லொஜிக் கேட்) ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாகக் கோத்து அது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று அளக்கிறார்கள். டோர்ச் வளையத்தின் கணக்கும் அதன் கணக்கும் ஒன்றே: படலையின் தாமதத்தை எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் ஒரு முழுச் சுற்று. பிள்ளை கட்டியது விளையாட்டுப் பொம்மை என்று ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விளையாட்டு கற்றுக்கொடுக்காததும் இருக்கிறது. அங்கே மின்னோட்டம் இல்லை, சூடு இல்லை, தடையி இல்லாவிட்டால் எல்.ஈ.டி. எரிந்துபோவதும் இல்லை. தூளில் ஓடும் சக்தி கட்டைக்கு ஒன்றாகக் குறைந்து பதினைந்து கட்டையில் தீரும். அது ஓமின் விதியல்ல. கருகிய டோர்ச் மீளும். கருகிய திரான்சிஸ்டர் மீளாது. அதனால் திரையில் கற்ற பிள்ளையை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். சுவரில் ஓடும் 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது. மூன்று பென்டோர்ச் பற்றரி போதும்.

சாமான் இவ்வளவுதான்: பிசி 547 திரான்சிஸ்டர் இரண்டு, 100 மைக்ரோபரட் கொள்ளளவி இரண்டு, 10 கிலோ ஓம் தடையி இரண்டு, 220 ஓம் தடையி இரண்டு, சிவப்பு எல்.ஈ.டி. இரண்டு, துளைப் பலகை ஒன்று, கொஞ்சம் வயர். ஆபிரகாமும் புளொக்கும் கட்டிய அதே சுற்று. கொள்ளளவியின் கழித்தல் முனையைக் கவனித்துப் போட்டால், இரண்டு எல்.ஈ.டி.யும் மாறி மாறி எரியும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு விநாடியை ஒட்டிய நேரம். ஐந்து டோர்ச் வளையத்தின் வேகமும் அதுதான். கொள்ளளவியைச் சிறிதாக்கினால் வேகம் கூடும் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, ரிப்பீட்டரைத் தட்டிப் பழகிய பிள்ளை தானே கேட்கும்.

சாதாரண தரத்தில் மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, மல்ட்டிவைப்ரேட்டர் பாடத்துக்கு வரும்போது வகுப்பில் யார் ரெட்ஸ்டோன் கட்டியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்; கை தூக்குபவரைக் கரும்பலகைக்கு அழையுங்கள். யட்டவத்தவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பெற்றோரே, போனைப் பறிப்பதற்கு முன் அந்த வளையம் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளையிடம் விளக்கம் கேளுங்கள். சரியாக விளக்கினால், அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது மேலே சொன்ன சாமான்களை வாங்கி வாருங்கள்.