நட்டத்தில் பறந்த வாயுதூத்

நம்ம ஊர்க்காரங்க பாதி பேர் திண்டிவனத்தை 'திண்டி'ன்னுதான் சொல்வோம். அதை இங்கிலீஷ்ல டைப் பண்ணிப் பாருங்க, 'ஏர் டிண்டி'ன்னு ஒரு விமான கம்பெனி வரும். கனடாவின் வடக்கே, எல்லோநைஃப்ங்கிற ஊரில் 1988-ல் ஆரம்பிச்சது. அங்கே 'டிண்டி'ன்னா பழங்குடி மொழியில் பெரிய ஏரி. நம்ம திண்டிவனம் புளியங்காடு. பெயரைத் தவிர ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனா அந்தக் கம்பெனி செய்யும் வேலைதான் என்னை இந்த எபிசோடுக்குள்ள இழுத்தது.

அந்தப் பக்கம் பல கிராமங்களுக்கு வருஷம் முழுக்க ரோடு கிடையாது. குளிர்காலத்தில் உறைஞ்ச ஏரிதான் ரோடு. வாடகை விமானம், சரக்கு, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற ஏர் ஆம்புலன்ஸ் எல்லாம் இந்த மாதிரி சின்ன கம்பெனிகள்தான். அவசர நோயாளியின் பயணச் செலவை அரசு ஏத்துக்குது. டிக்கெட் விற்று மட்டும் இந்தத் தொழிலை ஓட்டவே முடியாது.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இதே மாதிரி ஒரு முயற்சி இங்கேயும் நடந்தது. பெயர் வாயுதூத், அதாவது காற்றின் தூதன். 1981 ஜனவரியில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கின அரசு நிறுவனம். முதல் நோக்கம் வடகிழக்கு.

ஏன் வடகிழக்கு? அசாமின் டிப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் போகணும்னு வைங்க. நடுவில் பிரம்மபுத்திரா. படகில் கடக்கணும், இல்லேன்னா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் சுத்தணும். அங்கே போகிபீல் பாலம் திறந்ததே 2018 டிசம்பரில்தான். மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் 19 பேர் உட்காரும் டார்னியர் 228 விமானத்தை வாயுதூத் ஓட்டியது. கான்பூரில் எச்.ஏ.எல். தயாரித்த விமானம் அது. சின்ன ஓடுபாதை போதும்.

அப்புறம் ஆசை பெருகியது. எல்லாத் தொகுதிக்கும் ஒரு விமானம் வேணும்னு அரசியல் அழுத்தம். நம்ம பக்கம் நெய்வேலி, தஞ்சாவூர், பாண்டிச்சேரி வரைக்கும் வாயுதூத் வந்தது. காலி சீட்டோட பறந்த விமானங்கள், பழைய ஃபோக்கர்கள், ஏறிக்கிட்டே போன கடன். 1988 அக்டோபர் 19-ல் சில்சாரிலிருந்து வந்த ஃபோக்கர் கௌஹாத்தி அருகே விழுந்து, அதில் இருந்த 34 பேரும் இறந்தாங்க. 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்க முடிவாச்சு. 'நட்டத்தில் ஓடுது' என்பதே தீர்ப்பு.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. விழுப்புரம், திண்டிவனம் வழியா போகும் திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து நடந்தா நாம 108-க்கு அடிக்கிறோம். தமிழ்நாட்டில் அது 2008 செப்டம்பரில் வந்தது. வண்டியை ஓட்டுறது தனி அமைப்பு, செலவு அரசோடது. 2021 டிசம்பர் 18-ல் பக்கத்து மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கினாங்க. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108 இந்த வருஷம் எவ்வளவு லாபம்னு யாராவது கேட்டிருக்கோமா? நமக்கு ரோடு இருக்கு, அதனால ஆம்புலன்ஸ் வேன். ரோடு இல்லாதவங்களுக்கு அந்த வேனே விமானம்தான். அதுகிட்ட மட்டும் ஏன் லாபக் கணக்கு கேட்கிறோம்?

வாயுதூத் பண்ணின எல்லாம் சரின்னு நான் சொல்லல. ரயிலும் பஸ்ஸும் ஓடுற தஞ்சாவூரையும், ஆறு தாண்ட முடியாத பாசிகாட்டையும் ஒரே கணக்கில் வச்சதுதான் சிக்கல். ரெண்டாவதுக்கான மானியம் முதலாவதோட நட்டத்தில் கரைஞ்சது. கடைசியில் ரெண்டும் போச்சு.

2017 ஏப்ரலில் உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. இந்த முறை மானியம் வெளிப்படை, ஆனா மூணு வருஷத்துக்கு மட்டும். 2023-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கைப்படி, ஒதுக்கின 774 வழித்தடங்களில் தொடங்கியது 371. அந்த மார்ச்சில் தாக்குப்பிடிச்சு நின்னது வெறும் 54.

நல்ல செய்தியும் உண்டு. 2022 ஏப்ரல் 12-ல் அலையன்ஸ் ஏரின் டார்னியர் 228 ஒண்ணு டிப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்குப் போச்சு. அதே மாடல், அதே ஊர், கிட்டத்தட்ட முப்பது வருஷ இடைவெளி. 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸில் 'சஞ்சீவனி' ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது. 2025 மே 17-ல் நோயாளியை எடுக்கப் போன அது கேதார்நாத்தில் தரையிறங்கும்போது உடைஞ்சது. உள்ளே இருந்தவங்க தப்பிச்சாங்க. மலையில் இந்தச் சேவை எவ்வளவு ஆபத்தானது, எவ்வளவு செலவானது என்பதை இதை விடத் தெளிவா சொல்ல முடியாது.

திண்டிவனத்துக்கு விமானம் வேணுமான்னு கேட்டா, வேண்டாம்னு சொல்வேன். நமக்கு 108 சீக்கிரம் வந்தா போதும். ஆனா பாசிகாட்டில் இருக்கிற ஒருத்தருக்கு நம்ம 108-க்குச் சமமா என்ன இருக்குன்னு கேட்டுட்டு, அப்புறம் லாப நட்டக் கணக்கைப் பார்க்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம், மக்களே.