20,000 மாணவர்களும் முக்கால் பைண்ட் பாலும்



செயலாய்வு எழுதும் காலம் வந்துவிட்டால் ஆசிரியர் அறையில் இரண்டு சொற்றொடர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று ‘கருதுகோள் சோதனை’, மற்றொன்று ‘நம்பிக்கை இடைவெளி’. பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு மேற்கொள்ளும் நண்பர்கள் இவ்விரண்டிலும் பயிற்சிக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகச் செய்கிறார்கள். விடையும் சரியாகவே வருகிறது. ஆனால், இக்கணக்குகள் எதை நம்பி நிற்கின்றன என்று கேட்டால் பலரும் நூலின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணையைத்தான் காட்டுகிறார்கள். அந்த அட்டவணையை முதன்முதலில் கணித்தவரே ஒருமுறை ஒரு பள்ளி ஆய்வைக் கையில் எடுத்து அலசியிருக்கிறார். அதில் ஆசிரியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

அவர் பெயர் வில்லியம் சீலி கோசட். 1876இல் இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று, 1899இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் பீர் ஆலையில் பணியில் சேர்ந்தார். ஆலையில் வாற்கோதுமையின் தரத்தைச் சோதிக்க வேண்டும். ஆனால், சோதிக்கக் கிடைப்பதோ நான்கைந்து மாதிரிகள் மட்டுமே. அக்காலப் புள்ளியியல் முறைகள் பெரிய எண்ணிக்கைகளுக்கே பொருந்தின. சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு துணிவாகப் பேசலாம் என்பதே அவருடைய கேள்வி. விடையை 1908இல் ‘பயோமெட்ரிக்கா’ ஆய்விதழில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை ஆலை விரும்பாததால் ‘ஸ்டூடண்ட்’, அதாவது ‘மாணவன்’ என்ற புனைபெயரைப் பூண்டார். பின்னர் ரொனால்ட் பிஷர் அம்முறையைச் செப்பனிட்டுத் தந்த வடிவமே நாம் இன்று செய்யும் ‘டி’ சோதனை.

பெற்றோர்களுக்காக ஒரு சிறு பயிற்சிக் கணக்கு. எண்கள் என் கற்பனை. ஒரு வகுப்பில் 16 மாணவர்களுக்குச் சில மாதங்கள் பால் கொடுத்தோம் என்று கொள்வோம். எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது. திட்ட விலக்கம் 0.8 கிலோ. 16இன் வர்க்கமூலம் 4. 0.8ஐ 4ஆல் வகுக்க 0.2. 16 பேருக்குரிய அட்டவணை மதிப்பு 2.13. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.43. ஆகவே, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.47 கிலோ முதல் 1.33 கிலோ வரை. இதே முறையில் மாதிரிகளை மீண்டும் மீண்டும் எடுத்துக் கணக்கிட்டால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உண்மையான சராசரியைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே இதன் பொருள். (இந்த விளக்கத்தைத் தந்தவர் போலந்து நாட்டு மரபினரான ஜெர்சி நெய்மன். 1934இலும் 1937இலும் எழுதிய கட்டுரைகளில் தந்தார்.) ‘எடை கூடவே இல்லை’ என்ற இன்மைக் கருதுகோளின் மதிப்பாகிய சுழியம் இந்த இடைவெளிக்குள் இல்லை. எனவே, அக்கருதுகோளை நிராகரிக்கிறோம். தேர்வில் இவ்வளவு எழுதினால் முழுப் புள்ளி கிடைக்கும்.

ஆனால், அந்த எடை பாலால்தான் கூடியது என்று இக்கணக்கு சொல்லவில்லை. பிள்ளைகள் வளரும் வயதினர். பால் குடிக்காமலும் எடை கூடியிருப்பார்கள். அதனால்தான் பால் பெறாத இன்னொரு குழுவும் தேவைப்படுகிறது. அக்குழுவை யார், எப்படிப் பிரிப்பது? தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

1930ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லானர்க்சயர் வட்டாரத்தில் மிகப் பெரிய பள்ளி ஆய்வு ஒன்று நடந்தது. 67 பள்ளிகள், ஏறத்தாழ 20,000 மாணவர்கள். அவர்களில் 10,000 பேருக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை பள்ளி நாள்தோறும் முக்கால் பைண்ட் பால். நம் அளவில் 425 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம். அந்த 10,000 பேரில் பாதிப்பேருக்குக் காய்ச்சாத பால், மறுபாதிக்குச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பால். எஞ்சிய 10,000 பேர் பால் பெறாத ஒப்பீட்டுக் குழுவினர். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாருடைய உயரமும் எடையும் அளக்கப்பட்டன. பால் குடித்த பிள்ளைகள் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று அறிக்கை வெளிவந்தது.

கோசட் அவ்வறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு 1931இல் அதே ‘பயோமெட்ரிக்கா’ இதழில் ஒரு மறு ஆய்வை எழுதினார். முதலில் அவர் பார்த்தது முடிவுகளை அன்று, தொடக்க அளவுகளை. பால் கொடுக்கத் தொடங்கும் முன்னரே, ஒப்பீட்டுக் குழுவினர் பால் குழுவினரைவிடப் பெரியவர்களாக இருந்தார்கள்! எடையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் கூடுதல். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை முறையாகக் குலுக்கிப் பிரித்திருந்தால் இத்தகைய வேறுபாடு தற்செயலாக வந்திருக்க இயலாது.

காரணம் அறிக்கையிலேயே இருந்தது. குலுக்கல் முறையிலோ அகரவரிசையிலோ பெயர்களைப் பிரிக்கும்படிதான் பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறு பிரித்தபின் ஒரு குழுவில் நல்ல ஊட்டமுள்ள பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ மிகுதியாகத் தெரிந்தால், பெயர்களை மாற்றிச் சமன்செய்து கொள்ளலாம் என்றும் இசைவு தரப்பட்டிருந்தது. ஆசிரியர் கையில் பட்டியல். எதிரே ஒட்டிய கன்னத்தோடு ஒரு பிள்ளை. அப்பிள்ளையின் பெயரோ பால் இல்லாத பக்கம். அவ்வாசிரியர் என்ன செய்திருப்பார் என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்.எம்.டி. என நாம் அழைக்கும் கூடுதல் உணவுத் திட்டத்திற்கு ஆண்டுதோறும் பெயர் எழுதிக் கொடுக்கும் எனக்கு அந்தக் கை நன்றாகவே தெரியும். கோசட்டும் அவர்களைக் குறை கூறவில்லை; மனித இயல்பு என்றே கருதினார். என் கருத்தும் அதுதான். பிழை அந்த இசைவைத் தந்த திட்டத்தினுடையது.

அடுத்து அவர் காட்டிய நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. பிள்ளைகளை உடுத்திய உடையோடு நிறுத்தார்கள். பிப்ரவரி அங்கே கடுங்குளிர், ஜூன் கோடை. வசதியான வீட்டுப் பிள்ளை குளிர்காலத்தில் கனத்த கம்பளியோடு தராசில் ஏறி, கோடையில் மெல்லிய உடையோடு ஏறும். ஏழைப் பிள்ளைக்குக் கனத்த உடை ஏது? இரு பருவத்திலும் ஏறத்தாழ ஒரே உடைதான். ஆக, வசதியான பிள்ளைகள் மிகுந்த ஒப்பீட்டுக் குழு உடையின் எடையை இழந்தது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பால் குழு அவ்வளவாக இழக்கவில்லை. அறிக்கை சொன்ன எடை வேறுபாட்டில் எவ்வளவு பாலுடையது, எவ்வளவு சட்டையுடையது? பிரித்துச் சொல்ல வழியில்லை. எப்போதும் வெயிலில் காயும் நமக்கு இப்படியொரு சிக்கல் தோன்றியே இராது.

‘அதனால் என்ன, 20,000 பேர் இருக்கிறார்களே’ என்று தோன்றலாம். மேற்கண்ட பயிற்சிக் கணக்கில் 16ஐ நீக்கிவிட்டு 10,000 என்று போட்டுப் பாருங்கள். வர்க்கமூலம் 100. 0.8ஐ 100ஆல் வகுத்து 1.96ஆல் பெருக்கினால் 0.016. இடைவெளி 0.884 முதல் 0.916 வரை சுருங்கிவிடுகிறது. பார்ப்பதற்கு எவ்வளவு துல்லியம்! ஆனால், சராசரியே உடையாலும் இரக்கத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், இந்த ஒடுங்கிய இடைவெளி தவறான இடத்தையே மிகத் துல்லியமாகக் காட்டும். எண்ணிக்கை கூடக்கூடத் தற்செயல் வேறுபாடு குறையும், சாய்வு குறையாது. வினாத்தாளில் ‘சமவாய்ப்பு மாதிரி எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். மாணவர்கள் அதைத் தாவிவிட்டு எண்களுக்குப் போய்விடுகிறார்கள். கணக்கு முழுவதும் அந்த ஒரு வரியின் தோளில்தான் ஏறி நிற்கிறது.

காய்ச்சாத பாலா, கிருமி நீக்கிய பாலா என்ற ஒப்பீட்டையும் கோசட் ஏற்கவில்லை. ஒரு பள்ளியில் ஒரு வகைப் பால்தான் வழங்கப்பட்டது. இரண்டு வகைப் பாலை ஒப்பிடுவதாக நினைத்து, இரண்டு வகைப் பள்ளிகளை ஒப்பிட்டுவிட்டார்கள். ஆனால், பால் பயனற்றது என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். எவ்வளவு பயன் என்பதை இந்த எண்களிலிருந்து அறிய இயலாது என்றார், அவ்வளவே.

மீண்டும் செய்வதாயின் எப்படிச் செய்யலாம் என்றும் எழுதினார். சிக்கனமான வழி ஒற்றைக்கருவில் பிறந்த இரட்டையர்கள். 50 இணைகள் கிடைத்தால் போதும். மிகக் குறைந்த செலவில் அந்த 20,000 பேரைவிட நம்பத்தக்க விடை கிடைக்கும் என்றார். பெரிய அளவில்தான் செய்ய வேண்டும் என்றால், ஒரே வயது, ஒரே பால், ஏறத்தாழ ஒரே உயரம், எடை, உடல்நிலை உள்ள பிள்ளைகளை ஆசிரியர்களே இருவர் இருவராக இணைக்கட்டும். அந்த இருவரில் பால் யாருக்கு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும் என்றார். இதைச் சொன்னவர் குலுக்கலின் தீவிரப் பற்றாளர் அல்லர். வயல் ஆய்வுகளில் குலுக்கலைவிடச் சமன்செய்த அமைப்பே மேல் என்று பிஷரோடு 1937இல் இறக்கும் வரை வாதிட்டவர். அப்படிப்பட்டவரே பள்ளிப் பிள்ளைகள் விடயத்தில் நாணயத்தைக் கேட்டார். பிள்ளைகளை அறிந்த ஆசிரியரின் அறிவு இணை சேர்ப்பதற்குப் பயன்படுகிறது. ஆசிரியரின் இரக்கம் குறுக்கிட இடமில்லாமல் போகிறது. பாடநூல்களில் ‘இணை ஒப்பீடு’ என்று வரும் கணக்குகளை இந்த எண்ணத்தோடு செய்து பாருங்கள்.

நாணயத்தில் தோற்ற பிள்ளைக்கு என்ன பதில் என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உண்மையிலேயே பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ஆய்வு தொடங்கும் முன்பே பாலைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் பெயரை எந்தக் குழுவிலும் எழுதக்கூடாது. எஞ்சியவர்களை இணை சேர்த்த பிறகே நாணயத்தைச் சுண்ட வேண்டும். சுண்டிய பின், பட்டியலில் யாரும் கைவைக்கலாகாது.