எலி வணிகனும் மழைநாளும்: கதைவழிப் பொருளியல் கல்வி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

சிறுவர்க்குப் பொருளியல் கருத்துகளைக் கதைவழி உணர்த்தும் முயற்சி புதியதன்று. அத்தகைய கதைகள் எக்கருத்தைக் கற்பிக்கின்றன என்பதோடு, எவருடைய நிலையில் நின்று கற்பிக்கின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும். மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையை மனத்திற்கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது.

பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் எலி வணிகன் கதை இடம்பெறுகிறது. புத்த சாதகக் கதைகளிலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. ஏழைச் சிறுவன் ஒருவன் விசாகிலன் என்னும் வணிகனிடம் செத்த எலியொன்றை முதலாகப் பெற்று, அதற்குச் சீட்டும் எழுதிக் கொடுக்கிறான். பூனைக்கு இரையாக அதனை விற்று இருகை கடலை பெறுகிறான். களைத்து வரும் விறகுவெட்டிகளுக்குக் கடலையும் தண்ணீரும் அளித்து விறகு பெறுகிறான். பின்னர் மூன்று நாள் விறகு முழுவதையும் வாங்கிச் சேர்க்கிறான். பெருமழையால் விறகு அரிதாகவே, மிகுவிலைக்கு விற்றுச் செல்வனாகிறான். பொன்னால் எலி செய்து கடனைத் தீர்க்கிறான். முதல், கடன், பண்டமாற்று, தட்டுப்பாடு, விலையேற்றம் ஆகிய ஐந்தும் இக்கதையுள் அடங்கியுள்ளன.

இங்கிலாந்தில் ஹேரியட் மார்ட்டினோ 1832 முதல் 1834 வரை பொதுமக்களுக்கெனப் பொருளியல் கதைகளை வெளியிட்டார். அவற்றுள் 1833இல் வந்த ‘கறுவாவும் முத்தும்’ இலங்கையைக் களமாகக் கொண்டது. ஒரு பொருள் முழுவதும் ஒருவர் கையிலிருக்கும் ஏகபோகம், அதில் எளியோர் படும் பாட்டின்வழி அங்குக் காட்டப்படுகிறது. எலி வணிகனிடம் விறகு வாங்கியோர் அவனை எங்ஙனம் கருதியிருப்பர் என்று எண்ண இது நம்மைத் தூண்டுகிறது.

மலாக்காவில் இவ்வினா மேலும் நெருக்கமானது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல் இம்மாநில வாழ்வோடு பால்மரம் பிணைந்தது. புலாவ் செபாங் போன்ற வட்டாரங்களின் தோட்டக் குடும்பங்களுக்கு மழை வேறு பொருள் தந்தது. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால் பால் கோப்பையில் சேராது வழிந்தோடும். மரம் சீவ இயலாது. வேலையில்லா நாளுக்குப் பெரும்பாலும் கூலியும் இல்லை. எலி வணிகனைச் செல்வனாக்கிய அதே மழை, இங்கு ஒரு வீட்டின் அன்றைய வருவாயைப் பறித்தது.

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். முதலில்லாதவர் என் செய்வார் என்னும் வினாவிற்கு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஒரு விடை கண்டது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு பெற்றனர். திரண்ட பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. செத்த எலிக்கு நிகராக இங்கு அமைந்தது அப்பத்து வெள்ளியே. ஆயின், அது தனியொருவர் திறமையால் வளரவில்லை. பலர் கூடியதால் வளர்ந்தது.

எலி வணிகன் கதையை ஒதுக்குதல் இதன் நோக்கமன்று. முயற்சியையும் கடனைத் திருப்பும் நாணயத்தையும் அது செவ்வனே கற்பிக்கிறது. எனினும், கதையில் மழை வரும் இடத்தில் ஆசிரியர் சற்றே நிறுத்தி, ‘அம்மழை நாளில் உங்கள் பாட்டி வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா?’ என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தேடும் மாணவன், பொருளியலோடு தன் குடும்ப வரலாற்றையும் கற்கத் தொடங்குவான்.