ஃப்யூச்சராவின் சாய்வு

சாய்வெழுத்துக்குக் கையெழுத்தின் ஞாபகம் உண்டு. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட வர்ஜிலுக்காக ஃப்ரான்செஸ்கோ க்ரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து, அக்காலத்து இத்தாலியப் படிப்பாளிகளின் கையை ஒட்டியது. பேனா வேகமாக ஓடும்போது எழுத்து சாய்கிறது, உருவமும் மாறுகிறது. ஃப்யூச்சராவின் தடித்த சாய்வெழுத்தில் இந்த ஞாபகம் கிடையாது. காம்பஸும் அளவுகோலும் போட்டதுபோன்ற நேரெழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டதுதான் அது. கண்ணுக்காகச் சில திருத்தங்கள் உண்டு, கை இல்லை. அதனால் அதில் அவசரம் இருக்கிறது, அவசரப்படும் ஆள் இல்லை.

ஆளில்லாத இந்த அதட்டலை நான் அறிவேன். எங்கள் வங்கிக்கு வரும் சுற்றறிக்கைகளில் முக்கியமான வரி தடித்த எழுத்தில் இருக்கும். அதைச் சொல்வது யார் என்று கேட்கத் தோன்றியதில்லை. கீழேயுள்ள பொடி எழுத்தைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு தடவை படிக்கிறோம்.

இத்தனைக்கும் ஃப்யூச்சராவை வரைந்த பால் ரென்னர் அதட்டலுக்குப் பணியாதவர். 1927இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் பௌவர் வார்ப்பகம் அவர் எழுத்தை வெளியிட்டது. ம்யூனிக்கில் அச்சுக்கலைப் பள்ளியின் தலைவராக இருந்துகொண்டே, நாஜிகளின் கலாச்சார அரசியலைத் தாக்கி 1932இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1933இல் கைது; வேலையும் போயிற்று. இதை அறிந்த நாளிலிருந்து, வடிவத்துக்கு ஒரு மனச்சாட்சி உண்டு என்று நண்பர்களிடம் வாதாடி வந்திருக்கிறேன். பார்பரா க்ரூகரின் படங்கள் அதற்கு எனக்குக் கிடைத்த பெரிய சாட்சி.

அமெரிக்க விளம்பரக்காரர்களுக்கு ஃப்யூச்சரா பழகிய எழுத்து. 1959இல் தொடங்கிய ஃபோக்ஸ்வேகன் விளம்பரங்களில் அது நேராக, அடக்கமாக நிற்கும். பெண்கள் பத்திரிகையொன்றில் பக்க வடிவமைப்பாளராக இருந்த க்ரூகர் அதைத் தடிக்கவைத்து, சாய்த்து, பழைய கறுப்புவெள்ளைப் புகைப்படங்களின்மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக ஒட்டினார். கருக்கலைப்பு உரிமைக்காக 1989இல் வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்துக்கு அவர் செய்த சுவரொட்டி, உன் உடல் ஒரு போர்க்களம் என்று சொன்னது. 'உன்' என்பது யாருடையது, சொல்வது யார் என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. விளம்பரம் அமுக்கிவைக்கும் கேள்வியை விளம்பரத்தின் தொண்டையைக் கொண்டே கேட்டது அவருடைய சாமர்த்தியம். கையெழுத்தின் சாயலுள்ள சாய்வில் இது முடிந்திராது. ஒரு பெண்ணின் தனிப்பட்ட புலம்பலாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால் 1994இல் நியூயார்க்கில் ஸ்கேட்போர்டுக் கடையாகத் தொடங்கிய சுப்ரீம் அதே சிவப்புப் பெட்டியையும் அதே சாய்ந்த எழுத்தையும் தன் முத்திரையாக்கிக்கொண்டது. கேள்வி உதிர்ந்தது, அதட்டல் மிஞ்சிற்று. முத்திரையைக் கேலி செய்து உடை விற்ற ஒரு பெண்ணின் கம்பெனிமீது 2013இல் அந்தக் கடையே வழக்கும் போட்டது! 2020இல் அது இருநூறு கோடி டாலருக்குமேல் விலைபோயிற்று.

என் வாதத்தை நான் இன்னும் முழுக்கக் கைவிடவில்லை. ஆனால் பழைய தைரியத்தோடு சொல்லவும் முடியவில்லை. 2017இல் க்ரூகர் நியூயார்க்கில் அந்தக் கடையின் விற்பனை முறையையே கேலி செய்யும் ஒரு கடையைத் திறந்தார். ஜனங்கள் வரிசையில் நின்று சட்டையும் ஸ்கேட்போர்டும் வாங்கிப் போனார்கள். அவற்றிலும் சிவப்பில் சாய்ந்த வெள்ளை எழுத்துத்தான்.